சுழலும் இறக்கை – 21: மலைக்குச் செய்தது, மாநகருக்கு வந்தது

சென்ற வாரம் வெஸ்ட்லாண்ட் 30-ஐ ஓரங்கட்டி நிறுத்தியதோடு முடித்தோம். பிரிட்டன் 6.5 கோடி பவுண்டு உதவி என்று சொல்லி நம் தலையில் கட்டிய 21 ஹெலிகாப்டர்கள். இரண்டு விழுந்து உயிர்களைக் குடித்த பிறகு 1991-ல் எல்லாவற்றையும் தரையில் நிறுத்தினார்கள். 1993-ல் 9 லட்சம் பவுண்டுக்கு வந்த வழியே அனுப்பினார்கள். கசப்பான கதை, அதை இத்தோடு விட்டுவிடலாம். அது கிளப்பிய கேள்வியை மட்டும் விட முடியாது. சில ஹெலிகாப்டர்கள் நம் வெயிலிலும் மலையிலும் ஏன் திணறுகின்றன? வேறு சில ஏன் திணறுவதில்லை?

விடை தேட பெங்களூருக்குப் போக வேண்டும். கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர்ப் பக்கமிருந்து அந்த ஊருக்குப் பிழைக்கப் போனவர்களுக்குப் பொம்மனஹள்ளி தெரியாமல் இருக்காது. அத்திபெலே தாண்டி ஒசூர் ரோட்டைப் பிடித்தே போனால், சில்க் போர்டு சிக்னலுக்குச் சற்று முன்னால் வரும். கார்மெண்ட்ஸ் கம்பெனிகள், வரிசை வரிசையாக வாடகை வீடுகள், தமிழில் பேசினாலே சாமான் வாங்கிவிடக்கூடிய கடைகள். அங்கிருந்து வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் எச்.ஏ.எல். 1940 டிசம்பரில் மைசூர் அரசின் துணையோடு வால்சந்த் ஹிராசந்த் தொடங்கிய விமானத் தொழிற்சாலை. இந்தியாவில் செய்யப்பட்ட ஹெலிகாப்டர்களின் கதை அநேகமாக அந்த மதில் சுவருக்குள்ளேயே நடந்தது.

இந்த அத்தியாயத்தில் என் வாதம் ஒன்றுதான். இன்றைய சிவில் ஹெலிகாப்டரில் எந்த நல்ல அம்சத்தை எடுத்தாலும், அதைக் கேட்டு வாங்கியது ஒன்று மலை, இல்லாவிட்டால் கடல். நகரம் எதையும் கேட்கவில்லை, எதற்கும் காசு கொடுக்கவும் இல்லை. மலைக்கும் கடலுக்கும் செய்ததைத்தான் பிற்பாடு அது வாங்கி உடுத்திப் பார்த்தது. அளவு சரியாக இல்லை.

மெல்லிய காற்று

முதலில் என்ஜினைப் பார்ப்போம். 1946 மார்ச் 8-ம் தேதி அமெரிக்காவில் பெல் 47-க்குச் சான்றிதழ் கிடைத்தது. சிவில் பயன்பாட்டுக்கென்று ஒரு ஹெலிகாப்டர் பெற்ற முதல் சான்றிதழ் அது. ஆர்தர் யங் வடிவமைத்த அந்த எந்திரத்தில் இருந்தது 178 குதிரைத்திறன் பிஸ்டன் என்ஜின். மேலே மரத்தால் செய்த இரண்டே பிளேடுகள். சமவெளியில் வயலுக்கு மருந்தடிக்க அது போதும். மலைக்குப் போதாது. உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. என்ஜினுக்குள் போகும் காற்றும் குறைகிறது, பிளேடு கீழே தள்ளக்கூடிய காற்றும் குறைகிறது. இரண்டு பக்கமும் அடி. வெயிலும் இதே வேலையைத்தான் செய்யும், ஏனென்றால் சூடான காற்று மெல்லிய காற்று. சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் ஏப்ரல் நடுப்பகலில் ஒரு ஹெலிகாப்டர் தூக்குகிற எடை, சென்னைக் கடற்கரையில் மார்கழிக் காலையில் அதே ஹெலிகாப்டர் தூக்குகிற எடையைவிடக் குறைவு. பைலட்டுகள் இந்தக் கணக்கைப் போடாமல் கிளம்ப மாட்டார்கள். ‘ஹாட் அண்ட் ஹை’ என்று அவர்கள் அடிக்கடி சொல்வது இதைத்தான்.

இந்தக் கட்டை அவிழ்த்தது டர்பைன். 1955 மார்ச் 12-ம் தேதி பிரான்சில் பறந்த அலுவெட் 2, டர்பைனோடு தொடர் உற்பத்திக்கு வந்த முதல் ஹெலிகாப்டர். டர்போமெக்கா கம்பெனியின் ஆர்ட்டூஸ்ட் என்ஜின், அதே பலமுள்ள பிஸ்டன் என்ஜினோடு ஒப்பிட்டால் எடையில் ஒன்றுமே இல்லை. முன்னும் பின்னும் இடிக்கிற பாகங்கள் கிடையாது, எல்லாம் சுழலும் பாகங்கள். அதனால் அதிர்வும் குறைவு. முதல் பறப்பு முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஜூன் 6-ம் தேதி சோதனை பைலட் ழான் பூலே அதை 8,209 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனார்.

அடுத்து வந்தது அலுவெட் 3. ஏழு பேர் உட்காரலாம். 1960-ல் பூலே அதை மோன் பிளான் சிகரத்தில் இறக்கிவிட்டு, அந்த ஆண்டு நவம்பரில் இமயமலைக்கே கொண்டுவந்து, மணாலிக்கு மேலே தியோ திப்பாவில் 6,004 மீட்டர் உயரத்தில் இறக்கிக் காட்டினார். யார் பார்க்கட்டும் என்று இமயத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய மூளை வேண்டாம். 1962-ல் எச்.ஏ.எல். உரிமம் வாங்கியது. 1965 ஜூனில் பெங்களூரில் பூட்டிய முதல் எந்திரம் பறந்தது. ராணா பிரதாபின் குதிரையின் பெயரை அதற்கு வைத்தார்கள்: சேதக். முந்நூற்றுக்கும் மேல் செய்யப்பட்டு, ராணுவத்தில் மட்டுமல்லாமல் மாநில அரசுகளிடமும், பூச்சிமருந்து தெளிப்பவர்களிடமும், எண்ணெய்க் கிணறுகளிலும் உழைத்த ஹெலிகாப்டர் அது. இந்தியாவில் ஒரு சாதாரண ஆள் முதன்முதலாகக் கிட்டத்தில் பார்த்த ஹெலிகாப்டர் பெரும்பாலும் சேதக்காகத்தான் இருந்திருக்கும்.

அதுவும் இமயத்துக்குப் போதவில்லை. 1960-களின் கடைசியில் இந்தியத் தரப்பின் தேவைக்காகப் பிரெஞ்சுக்காரர்கள் செய்த ஒட்டு வேலை சுவாரசியமானது. அலுவெட் 2-ன் இலேசான எலும்புக்கூட்டில் அலுவெட் 3-ன் பலமான என்ஜினையும் ரோட்டரையும் பொருத்தினார்கள். என்ஜின் சுமார் 870 குதிரைத்திறன் தரக்கூடியது. அதை 550 சொச்சத்துக்கு மேல் போகவிடாமல் வேண்டுமென்றே அடக்கிவைத்தார்கள். இருக்கிற பலத்தை எதற்கு வீணாக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் அதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மேலே போகப் போக என்ஜினின் பலம் தேயும், தேய்ந்து தேய்ந்து 550-க்கு வந்து சேரும்போது ஹெலிகாப்டர் ஏற்கெனவே மலை உச்சியில் இருக்கும். அதுவரை பைலட்டுக்குப் பலம் குறைந்ததே தெரியாது. 1969-ல் பறந்த இதற்குப் பிரான்சில் லாமா என்று பெயர், பெங்களூரில் சீட்டா.

1972 ஜூன் 21-ம் தேதி, தெற்குப் பிரான்சின் இஸ்த்ர் விமானத் தளம். மறுபடி ழான் பூலே. லாமாவிலிருந்து கழற்றக்கூடியதையெல்லாம் கழற்றிவிட்டு ஏறினார். 12,442 மீட்டர் வரை போனார். பயணிகள் ஜெட் விமானங்கள் பறக்கும் உயரம் அது. இறங்குவதற்காகச் சக்தியைக் குறைத்ததும், அந்தக் கடுங்குளிரில் என்ஜின் அணைந்துபோனது. மறுபடி பற்றவைக்க வழியில்லை. கண்ணாடியெல்லாம் பனி படிந்து மூடிக்கொண்டது. பூலே பிளேடுகளின் கோணத்தைக் குறைத்தார். ஓலைக் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு ஓடினால் காற்றே அதைச் சுழற்றுகிறதல்லவா, அப்படிக் கீழிருந்து வரும் காற்றே ரோட்டரைச் சுழற்ற, என்ஜின் இல்லாமல் தரைவரை வந்து இறங்கினார். ஆட்டோரொட்டேஷன் என்கிறார்கள். ஒவ்வொரு ஹெலிகாப்டர் பைலட்டும் பயிற்சியில் செய்து பழகுவதுதான், ஆனால் சில நூறு மீட்டரிலிருந்து. பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்திலிருந்து அப்படி இறங்கியவர் அவர். என்ஜின் நின்றால் ஹெலிகாப்டர் கல்லாக விழும் என்று இன்றும் நம்புகிறவர்களிடம் நான் எடுத்துச் சொல்லும் கதை இது.

இமயத்துக்காகச் செய்த லாமாதான் ஆல்ப்ஸ் மலையில் மின்கோபுரம் தூக்கியது, கேபிள் கார் தூண் நட்டது, பனியில் சிக்கியவர்களை மீட்டது. அதன் வாரிசாக வந்த எக்குரொய் குடும்பத்து ஏ.எஸ். 350 பி3 ரகத்தை 2005 மே 14-ம் தேதி திதியே டெல்சால் எவரெஸ்ட் உச்சியில் இறக்கி, 3 நிமிடம் 50 விநாடி நிறுத்தினார். அதே குடும்பம்தான் இன்று எச் 125 என்ற பெயரில் கேதார்நாத்துக்குப் பக்தர்களை ஏற்றிப் போகிறது.

சாக்குக் கட்டியும் கான்வாஸும்

என்ஜினைப் பற்றி எழுதுகிறவர்கள் ரோட்டரை மறந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் பயணியின் உடம்புக்கு அதிக நன்மை செய்தது ரோட்டர் தலைதான்.

பழைய நாட்களில் ஹேங்கருக்கு வெளியே நடந்த ஒரு வேலையைச் சொல்கிறேன். ஒரு பிளேடின் நுனியில் சிவப்புச் சாக்குக் கட்டி பூசுவார்கள், இன்னொன்றில் நீலம், மூன்றாவதில் மஞ்சள். ஹெலிகாப்டரைத் தரையிலேயே ஓட்டுவார்கள். ஒரு மெக்கானிக் நீளக் கழியில் விறைப்பாகக் கட்டிய கான்வாஸ் பட்டையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, சுழலும் நுனிகளை நோக்கி அங்குலம் அங்குலமாகச் சாய்ப்பார். நுனி ஓடும் வேகம் மணிக்கு 700 கிலோமீட்டர் அளவில் இருக்கும். பட்டையில் ‘டப்’ என்று ஒரு தட்டு. உடனே பின்வாங்கிவிட வேண்டும். கான்வாஸைப் பார்த்தால் மூன்று நிறமும் ஒரே இடத்தில் விழுந்திருக்க வேண்டும். சிவப்பு மேலே, நீலம் கீழே என்றிருந்தால் பிளேடுகள் ஒரே தளத்தில் ஓடவில்லை, பயணிக்குப் பல் கிடுகிடுக்கும். இணைப்புக் கம்பியைக் கொஞ்சம் திருகி, பிளேடின் பின்விளிம்பில் உள்ள சிறு தகட்டை இம்மி வளைத்து, மறுபடி ஓட்டி, மறுபடி தட்டி, ஒரு காலைப் பொழுதே போய்விடும். இன்று அதே ‘ட்ராக் அண்ட் பேலன்ஸ்’ வேலையைக் கேமராவும் அதிர்வு உணரிகளும் செய்கின்றன. எந்தப் பிளேடில் எத்தனை கிராம் கூட்ட வேண்டும் என்று திரையே சொல்லிவிடும்.

அந்தக் காலத்து ரோட்டர் தலையில் ஒவ்வொரு பிளேடுக்கும் மேலும் கீழும் ஆட ஒரு கீல், முன்னும் பின்னும் அசைய ஒரு கீல், கோணம் மாற ஒரு பேரிங். எல்லாவற்றுக்கும் ஓயாமல் கிரீஸ் போட வேண்டும். 1974-ல் பறந்த எக்குரொய், கண்ணாடி இழையால் செய்த நட்சத்திர வடிவத் தலையோடும் ரப்பர் அடுக்கு பேரிங்கோடும் வந்து இந்தக் கிரீஸ் சாம்ராஜ்யத்தை முடித்துவைத்தது. வளைய வேண்டிய இடத்தில் பொருளே வளைந்துகொடுக்கும். பின்னாளில் எம்.பி.பி. ஆன ஜெர்மன் நிறுவனம் அதற்கு முன்பே, 1967-ல், போ 105 ரகத்தில் கீலே இல்லாத ரோட்டரைப் பறக்கவிட்டிருந்தது. பிளேடுகளும் உலோகத்திலிருந்து இழைக் கலவைக்கு மாறின. உலோகப் பிளேடில் விரிசல் விழுந்தால் வேகமாக ஓடிவிடும், அதனால் இத்தனை மணி நேரம் பறந்ததும் நல்லதோ கெட்டதோ தூக்கிப் போட்டுவிட வேண்டும். இழைப் பிளேடில் சேதம் மெதுவாகப் பரவும், கண்ணுக்கும் தெரியும்.

எச்.ஏ.எல். 1984-ல் அதே எம்.பி.பி.யோடு சேர்ந்துதான் தன் சொந்த ஹெலிகாப்டர் வடிவமைப்பில் இறங்கியது. 1992 ஆகஸ்ட் 20-ம் தேதி பெங்களூரில் பறந்தது. துருவ். கீலில்லாத நான்கு பிளேடு ரோட்டர், இரண்டு என்ஜின், ஐந்தரை டன் எடை. கீலை எடுத்துவிட்டால் கட்டுப்பாடு கூர்மையாகும், ஆனால் ரோட்டரின் குலுக்கல் நேரே உடம்புக்கு இறங்கும். அதைத் தடுக்க, கியர்பாக்ஸுக்கும் கூரைக்கும் நடுவில் நான்கு தனிப்பட்ட அதிர்வு தடுப்பான்களை வைத்தார்கள். ஆரிஸ் என்று சுருக்கப் பெயர். ரோட்டரின் அதிர்வெண்ணுக்கு எதிராக ஆடும் எடைகள் அவை, ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும்.

துருவுக்கு அமெரிக்க என்ஜின் பொருத்துவதாக இருந்தது. 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டு வெடித்தோம், தடை விதித்தார்கள், என்ஜின் வரவில்லை. பிரெஞ்சு டர்போமெக்காவின் என்ஜினோடு சமாளித்து, பிறகு அவர்களோடு சேர்ந்தே ‘சக்தி’ என்ஜினை உருவாக்கினார்கள். எதற்காக? மறுபடி மலைக்காகத்தான். சியாச்சின் கணக்கில் செய்த என்ஜின் அது.

2003 அக்டோபரில் துருவின் சிவில் ரகத்துக்கு விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டி.ஜி.சி.ஏ.) சான்றிதழ் கிடைத்தது. இந்தியாவில் வடிவமைத்த ஹெலிகாப்டரில் டிக்கெட் வாங்கி ஏறும் காலம் வந்துவிட்டது என்று அப்போது நம்ப இடமிருந்தது. நடந்தது வேறு. எல்லைப் பாதுகாப்புப் படை வாங்கியது, புவியியல் ஆய்வுத் துறை தரைக்கடியில் கனிமம் தேட வாங்கியது. தனியார் சீந்தவில்லை. ஈக்வடார் ஏழு வாங்கி, நான்கு விழுந்து, 2015-ல் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. ராணுவ ஆர்டர் கையில் நிறைய இருக்கும்போது சிவில் வாடிக்கையாளரைத் துரத்திப் பிடிக்கும் பசி ஒரு அரசு நிறுவனத்துக்கு வருவதில்லை என்பது என் எண்ணம். உதிரிபாகம் ஒரு நாள் தாமதமானால் ராணுவம் முணுமுணுக்கும், வாடகை ஹெலிகாப்டர் முதலாளி மூழ்கிப்போவார்.

எண்ணெயில் ஒரு துகள்

இனி கடல். மும்பைக்கு மேற்கே சுமார் 160 கிலோமீட்டரில் இருக்கும் பாம்பே ஹை எண்ணெய் மேடைகளுக்கு ஆள் ஏற்றிப் போகவே 1985 அக்டோபரில் இன்றைய பவன் ஹன்ஸ் பிறந்தது. வெஸ்ட்லாண்டுகள் போன பின்னும் அங்கே நின்றவை பிரெஞ்சு டோஃபின்கள். கடலில் ஆட்டோரொட்டேஷன் செய்தால் இறங்குவது தண்ணீரில். அதனால் எண்ணெய்க் கம்பெனிகள் இரண்டு என்ஜின் கேட்டன, மிதவை கேட்டன, கியர்பாக்ஸுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும் என்றன.

மூன்றாவது கேட்பு வந்ததற்கு ஒரு தேதி உண்டு. 1986 நவம்பர் 6. வடகடலின் எண்ணெய் மேடையிலிருந்து ஷெட்லாந்துக்குத் திரும்பிய சினூக் ஒன்று, முன் கியர்பாக்ஸின் பல்சக்கரம் உடைந்து, இரண்டு ரோட்டர்களும் ஒன்றோடொன்று மோதிக் கடலில் விழுந்தது. 45 பேர் இறந்தார்கள். அதுவரை மெக்கானிக்குகள் நம்பியிருந்தது எண்ணெய்க்குள் செருகிய ஒரு சிறு காந்தத்தை. தேய்ந்த பல்லிலிருந்து இரும்புத் துகள் உதிர்ந்தால் காந்தத்தில் ஒட்டும், காக்பிட்டில் ‘சிப்’ விளக்கு எரியும். அந்தக் காந்தத்தைக் கழற்றி, துகளைத் துணியில் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து, இது வெறும் மயிர் போன்ற தூளா, பல்லிலிருந்து பெயர்ந்த செதிலா என்று பார்ப்பது ஒரு தனிக் கலை. நல்ல மெக்கானிக்குக்கு ஒரு பார்வை போதும். ஆனால் துகள் உதிருமுன்னே வரும் விரிசலைக் காந்தம் காட்டாது. 1990-களில் வடகடலில் பரவிய ‘ஹம்ஸ்’ என்ற கண்காணிப்பு அமைப்பு, கியர்பாக்ஸ் முழுக்க உணரிகளை ஒட்டி, ஒவ்வொரு பல்சக்கரத்தின் அதிர்வையும் பதிவு செய்தது. ஒரு சக்கரத்தின் சுருதி மாறினால் தரையில் உள்ள கணினி சொல்லிவிடும். இன்று ஓரளவு பெரிய சிவில் ஹெலிகாப்டர் எதுவும் இது இல்லாமல் வருவதில்லை.

கருவி இருந்தால் எல்லாம் சரி என்று சொல்லவில்லை. 2025 ஜனவரி 5-ம் தேதி போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் விழுந்ததும், ரோட்டர் கோணத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்வாஷ்பிளேட் உடைந்திருந்தது தெரிந்து, அந்த ரகம் முழுவதையும் மாதக்கணக்கில் நிறுத்திவைத்தார்கள்.

மேகத்துக்குள்

எலெக்ட்ரானிக்ஸ் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். டர்பைனை ஸ்டார்ட் செய்வது ஒரு காலத்தில் வயிற்றைக் கலக்கும் வேலை. பைலட் எரிபொருளைத் திறந்துவிட்டு வெப்பமானியையே வெறித்துக்கொண்டிருப்பார். முள் எல்லையைத் தாண்டுமுன் கையை எடுக்காவிட்டால் டர்பைன் பொசுங்கிவிடும், முதலாளி பொசுங்கிவிடுவார். ‘ஃபேடெக்’ என்ற கணினிக் கட்டுப்பாடு அந்தக் கவலையைத் தன் தலையில் வாங்கிக்கொண்டது. 1995-ல் பறந்த பெல் 407-ல் அது இருந்தது. அதன் முன்னோடியான பழைய ஜெட்ரேஞ்சரின் இரண்டு பிளேடு போய், நான்கு இழைப் பிளேடும் வந்தன. தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும் அந்த ‘தப் தப்’ சத்தம் குறைந்தது. 2011-ல் அதற்குத் திரைகள் நிரம்பிய காக்பிட் கிடைத்தது, நிலப்பரப்பின் மேடுபள்ளம் திரையிலேயே தெரியும்.

கருவிகளைத் தேவைப்படுத்திய எதிரி மேகம். 2009 செப்டம்பர் 2-ம் தேதி ஆந்திர முதல்வர் ராஜசேகர ரெட்டி ஏறிய பெல் 430, இரண்டு என்ஜின் கொண்ட நல்ல எந்திரம்தான். நல்லமலைக் காட்டின் மழை மேகத்துக்குள் போய்த் திரும்பவில்லை. கண்டுபிடிக்கவே மறுநாள் காலை ஆயிற்று. 2021 டிசம்பர் 8-ம் தேதி குன்னூரில் ஜெனரல் பிபின் ராவத்தோடு விழுந்தது விமானப்படை ஹெலிகாப்டர். வானிலை சட்டென்று மாறி மேகத்துக்குள் நுழைந்ததில் பைலட்டுக்குத் திசையுணர்வு தப்பியதாக விசாரணைக் குழு சொன்னது. இரண்டிலும் எந்திரம் கைவிடவில்லை.

மேகத்துக்குள்ளும் வழி காட்டும் ஏற்பாடு ஒன்று பெங்களூரில் இருக்கிறது. இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து செய்த ‘ககன்’. ஜி.பி.எஸ். சமிக்ஞையில் உள்ள பிழையைத் தரை நிலையங்கள் கணக்கிட்டு, செயற்கைக்கோள் வழியாகத் திருத்தம் அனுப்பும். அதன் முக்கியக் கட்டுப்பாட்டு மையம் குந்தலஹள்ளியில், எச்.ஏ.எல்.லுக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தூரத்தில். தரையில் எந்தக் கருவியும் நடாமலேயே ஒரு ஹெலிபேடுக்கு இறங்குபாதை வகுக்கலாம் என்பதுதான் ஹெலிகாப்டருக்கு இதில் லாபம். 2023 ஜூன் 1-ம் தேதி பவன் ஹன்ஸ் ஜுஹுவிலிருந்து புணேவுக்கு இதைக்கொண்டு பறந்து காட்டியது. மலையூர்களின் ஹெலிபேடுகளுக்கு இது எப்போதோ வந்திருக்க வேண்டும்.

பதினைந்து நிமிடம், 4,130 ரூபாய்

இவ்வளவும் வந்த பிறகு நகரத்துக்கு என்ன கிடைத்தது?

2008 மே 24-ம் தேதி வரை பெங்களூரின் பயணிகள் விமானங்கள் எச்.ஏ.எல். ஓடுதளத்தில்தான் இறங்கின. பொம்மனஹள்ளியிலிருந்து ஆட்டோவில் போகலாம். அன்று தேவனஹள்ளிக்கு மாறியது, ஊரின் மறுகோடிக்கு, 45 கிலோமீட்டருக்கு மேல். எலெக்ட்ரானிக் சிட்டியின் ஐ.டி. ஆட்களுக்கு 2010-ல் சில்க் போர்டிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் மேம்பாலம் போட்டார்கள். பொம்மனஹள்ளி பாலத்துக்கு அடியில் போனது. பாலம் இறங்கியதும் சில்க் போர்டு சிக்னல். விமான நிலையம் போய்ச் சேர இரண்டு மணி நேரம் என்பது சாதாரணம்.

2018 மார்ச் 5-ம் தேதி கொச்சியின் தும்பி ஏவியேஷன் விமான நிலையத்துக்கும் எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் நடுவே ஹெலி டாக்சி விட்டது. மேலே சொன்ன அதே பெல் 407. பதினைந்து நிமிடம். கட்டணம் 3,500 ரூபாய், ஜி.எஸ்.டி. சேர்த்து 4,130. கையில் 15 கிலோ சாமான். வெளிநாட்டிலிருந்து இரண்டு பெட்டியோடு வருகிறவர் பெட்டியை டாக்சியில் அனுப்பிவிட்டுத் தான் மட்டும் பறக்க வேண்டும் என்று அப்போதே கிண்டல் செய்தார்கள். சேவை நீடிக்கவில்லை. 2022 அக்டோபரில் பிளேட் இந்தியா, எச்.ஏ.எல். நிலையத்துக்கும் தேவனஹள்ளிக்கும் நடுவே வேறொரு சேவையைத் தொடங்கியது. வரி நீங்கலாக 3,250 ரூபாய்.

பணம் மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. நகரத்தில் அவ்வளவு கொடுக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இடம்தான் பெரிய தடை. ஒற்றை என்ஜின் ஹெலிகாப்டர் நெருக்கமான குடியிருப்புக்கு மேலே பறக்கும்போது, என்ஜின் நின்றால் ஆட்டோரொட்டேஷனில் இறங்க ஒரு திடல் கீழே இருந்தாக வேண்டும். பொம்மனஹள்ளிக்கு மேலிருந்து பார்த்தால் அப்படி ஒரு திடல் எங்கே? மொட்டை மாடி ஹெலிபேடிலிருந்து கிளம்ப வேண்டுமானால், கிளம்பும் எந்த நொடியில் ஒரு என்ஜின் போனாலும் மற்றதைக்கொண்டு தப்பிக்கக்கூடிய இரட்டை என்ஜின் எந்திரம் தேவை. வாங்கும் விலையும் ஓட்டும் செலவும் கூடும், பெங்களூர் வெயிலில் ஏற்றக்கூடிய ஆள் எண்ணிக்கை குறையும். போதாக்குறைக்கு அந்த வானத்தில் எச்.ஏ.எல்., எலஹங்கா விமானப்படைத் தளம், ஜக்கூர் பயிற்சித் தளம், தேவனஹள்ளி என்று நான்கு வீட்டுக்காரர்கள். ஒவ்வொருவரிடமும் அனுமதி. ஒரு கிலோ எடையைக் கூடுதலாகத் தூக்க ஐம்பது ஆண்டு உழைத்த பொறியாளர்கள் யாரும் இந்தக் கணக்கைப் போட்டதில்லை. யாரும் அவர்களைப் போடச் சொல்லவும் இல்லை.

இந்தியாவில் சாதாரண ஜனங்கள் பெருங்கூட்டமாக ஹெலிகாப்டர் ஏறுவது வைஷ்ணோதேவியிலும் கேதார்நாத்திலும்தான். அங்கே மலை. 3,583 மீட்டர் உயரத்தில் உள்ள கேதார்நாத்துக்கு பெல் 407-ம் எச் 125-ம் நிமிடத்துக்கு நிமிடம் போய்வருகின்றன. எந்திரத்துக்கு அந்த உயரம் பொருட்டே இல்லை. 2022 அக்டோபர் 18-ம் தேதி ஒரு 407 விழுந்து ஏழு பேர் இறந்தார்கள், தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். 2025 ஜூன் 15-ம் தேதி கௌரிகுண்டில் இன்னொரு 407, இன்னும் ஏழு பேர், அதில் ஒரு குழந்தை. மூடிய பள்ளத்தாக்கு, நொடியில் இறங்கும் மேகம், இன்னொரு நடை அடித்துவிடலாம் என்ற அவசரம். ஃபேடெக் இந்த அவசரத்தைக் கட்டுப்படுத்தாது.

தொழிற்சாலைகள் இதற்கிடையில் பெங்களூருக்கு வெளியே நகர்ந்துகொண்டிருக்கின்றன. துமகூரு மாவட்டம் குப்பியில் எச்.ஏ.எல்.லின் புது ஹெலிகாப்டர் தொழிற்சாலை 2023 பிப்ரவரி 6-ம் தேதி திறக்கப்பட்டது, மூன்று டன் ஒற்றை என்ஜின் ரகத்துக்காக. கோலார் மாவட்டம் வேமகலில் டாட்டாவும் ஏர்பஸும் எச் 125 பூட்டப்போவதாக 2025-ல் அறிவித்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 30-ம் தேதி பெங்களூரில் துருவ் என்.ஜி. பறந்தது. திரை காக்பிட், சிவில் சான்று பெற்ற சக்தி என்ஜின், எச்.ஏ.எல். முதன்முறையாகச் சிவில் சந்தையை மனதில் வைத்துச் செதுக்கிய துருவ். வாடிக்கையாளர் அதற்கு முன்பே தயார்: பத்தாண்டு ஒப்பந்தத்தில் நான்கு ஹெலிகாப்டர்களை ஓட்ட பவன் ஹன்ஸுக்கு ஆர்டர் கொடுத்தது ஓ.என்.ஜி.சி. ஓடப்போவது பாம்பே ஹை பக்கம். அந்த மேடைகளில், ஆடும் தளத்தில், இராத்திரியில் இறங்குவது எப்படி என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)